ஈரநாட்டுப் படை

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பச்சை பிளாஸ்டிக் பட்டாளத்துக்காரர்கள், பாலித்தீன் பைக்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். 'யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்குப்பா?' என்று கேட்டிருந்தாள். நீங்கள் எல்லாரும் கை தூக்கினீர்கள். தேர்க்கடையில் அழுது வாங்கியது, தம்பி கடித்துத் துப்பியது என்று மாறி மாறி எழுதினீர்கள். நான் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

வகுப்பிலும் நான் அப்படித்தானே. 'உள்ளேன் டீச்சர்' என்பதையே முணுமுணுப்பாகத்தான் சொல்வேன். ஏழாம் வகுப்பில் பாதி வருஷத்தில் வந்து சேர்ந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை என்றுதான் உங்களுக்கு என்னைத் தெரியும். ஏன் பாதியில் வந்தேன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். இப்போது நாமெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு மூட்டுவலி பேசுகிற வயதுக்கு வந்துவிட்டோம். சொல்கிறேன். நான் ஊர் மாறி வந்ததே ஒரு பட்டாளத்தால்தான். உங்கள் பட்டாளம் மாதிரி பிளாஸ்டிக் அல்ல. மண்.

அதுவரை நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். ஊருக்கு மேற்கே மலைக்குப் போகிற பாதையில் ஒரு மாந்தோப்பு, அதற்குள் ஒரு வீடு. பெரியப்பாவும் அப்பாவும் பங்கு பிரிக்காமல் வைத்திருந்தார்கள். ஒரே கூரை, இரண்டு அடுப்படி. அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை கறுப்புத் தகரப் பெட்டியோடு வருவார், வீடு பூராவும் பூட்ஸ் பாலிஷ் மணக்கும், போய்விடுவார். அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியம்மா நல்ல முகமாக இருக்கும்போது அம்மாவை 'பால்கோவா ஊர்க்காரி' என்று கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அதே பேர்தான், குரல்தான் வேறு.

பெரியப்பாவுக்கு ஒரே மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். தோப்பில் வேறு பிள்ளைகள் கிடையாது. அதனால் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டான்.

எங்களுக்கு ஆளுக்கொரு நாடு இருந்தது. பம்புசெட்டுத் தொட்டியிலிருந்து போகிற வாய்க்கால்தான் எல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காய்ந்த மேடு, அது அண்ணனுடைய வஜ்ரபுரி. இந்தப் பக்கம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும், கோரைப்புல் முளைத்துக் கிடக்கும். நல்ல இடத்தை அவன் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தந்தான். நான் அதற்கு ஈரநாடு என்று பேர் வைத்தேன். கொடியில் ஒரு நத்தை. 'நத்தையை எவளாவது கொடியில வைப்பாளாட்டி' என்று அவன் உருண்டு உருண்டு சிரித்தான். எனக்கு நத்தை பிடித்திருந்தது. தொட்டால் உள்ளே போய்விடும், ஆனால் இடத்தை விட்டுப் போகாது.

படை செய்தது நான்தான். கண்மாய் மண்ணை வெறுமனே பிடித்து வைத்தால் காயும்போது வெடித்துவிடும். நூல் மில் வேலியில் ஒட்டிக் கிடக்கும் கழிவுப் பஞ்சைப் பொறுக்கி வந்து மண்ணோடு சேர்த்துப் பிசைந்தால் வெடிக்காது. விரல் நீளத்துக்கு ஓர் ஆள். உடுப்புக்கு பேண்டேஜ் துணி. பேண்டேஜ் நெய்யத் தறி போட்ட வீடுகளின் பின்பக்கம் ஓரம் வெட்டிய துண்டுகள் குவிந்து கிடக்கும், அதை எடுத்து உடம்பில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவேன். துப்பாக்கிக்குக் குண்டூசி. மண் ஈரமாக இருக்கும்போதே கையை மடக்கி உள்ளே குத்திவிட வேண்டும். சில சமயம் ஊசி கையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பட்டாளத்துக்காரன்தானே, தாங்குவான் என்று விட்டுவிடுவேன். தளபதிகளை மட்டும் அப்பாவின் காலி பாலிஷ் டப்பாவில் பஞ்சு போட்டுப் படுக்க வைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் அப்பா வந்துவிட்ட மாதிரி ஒரு வாசம் வரும். அந்த டப்பா இப்போது இருந்தால் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன்.

சண்டை கோலிக்குண்டால். ஆளுக்கொரு முறை உருட்ட வேண்டும், விழுந்தவன் செத்தான். செத்தவனை என்ன செய்வது என்று எங்களுக்குள் தகராறு வந்தபோது அப்பா லீவில் வந்திருந்தார், கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் போய்க் கேட்டான்.

"சித்தப்பா, சண்டையில செத்தவியள என்ன செய்வீக?"

"மரியாதையா அடக்கம் பண்ணணும்லே."

"எதிரியா இருந்தா?"

"செத்த பொறவு என்னலே எதிரி?"

அதன்பிறகு அது எங்கள் சட்டம். செத்தவன் நெஞ்சில் அம்மாவின் சிமிழிலிருந்து எடுத்த குங்குமத்தால் ஒரு பொட்டு, தலை மலையைப் பார்த்து இருக்க வேண்டும், ஒரு சல்யூட், மண். தோண்ட இளகின மண் பெரியம்மாவின் அடுப்படிக்குப் பின்னால், பாத்திரம் கழுவின தண்ணீர் போகிற இடத்தில் இருந்தது. அதையே மயானமாக்கினோம்.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உங்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது நின்றிருப்பீர்கள். பெரியம்மா அண்ணனுக்கு அந்தப் பச்சைப் பட்டாளத்தை வாங்கித் தந்தார். எனக்கு வளையல். வண்டியில் வரும்போது அண்ணன் பையை என் மடியில் வைத்து, 'இனி ஈரநாடு காலி' என்றான். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் மண்ணில் உட்கார்ந்தேன். அவன் படைக்கு மேலே என் படை இருக்க வேண்டும். வில்லாளி, குதிரைக்காரன், முரசு அடிக்கிறவன், காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் என்று புதிது புதிதாகச் சேர்த்தேன். அம்மா பார்த்துவிட்டு, "சோறு பொங்கிப் போடவும் ஓராளு செய்யிட்டி, அம்புட்டுப் பேரும் பட்டினியா கெடப்பாக" என்றாள். செய்தேன்.

பிளாஸ்டிக் ஆட்களுக்குக் கனமே இல்லை. ஆடிக் காற்று அடித்தாலே சாய்ந்தார்கள். என் ஆட்கள் குண்டு பட்டாலும் லேசாக நகர்ந்து நின்றார்கள். இரண்டு சண்டையில் வஜ்ரபுரி படுத்துவிட்டது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தனக்கும் மண்ணில் ஒரு தளபதி வேண்டும் என்றான். என்னிடம் மண்ணை வாங்கி அவனே பிடித்தான்.

"ஒந்தளபதிக்கு மீசையே இல்ல. அவன் என்ன பொம்பளையா?"

"ஆமா. பொம்பளதான்."

"அப்ப எந்தளபதிக்கு வைக்கேன் பாரு மீசை."

ஓடிப்போய்ப் பெரியம்மாவின் ஜன்னல் இடுக்கிலிருந்து சிக்குமுடி உருண்டையை எடுத்து வந்தான். முடி வாங்குகிறவனுக்குக் கொடுக்க எல்லா வீட்டிலும் சேர்த்து வைப்பார்களே, அதுதான். ஈர மண்ணில் அதைப் பதித்தான். மீசை காதைத் தாண்டி முதுகுவரை போனது. நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவனோடு சேர்ந்து நான் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும். அந்த மீசைக்காரத் தளபதி அன்றைக்கு சாயங்காலமே என் குண்டில் விழுந்தான். பொட்டு வைத்து, சல்யூட் அடித்து, பெரியம்மா அடுப்படிக்குப் பின்னால் அடக்கம் செய்தோம்.

பெரியம்மா அப்போது மாசமாக இருந்தார். அண்ணனுக்கு அப்புறம் பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. அம்மாதான் அவருக்குப் புளிக்குழம்பும் மாங்காய்ப் பச்சடியும் செய்து கொண்டுபோய்க் கொடுப்பாள். புரட்டாசியில் ஒருநாள் அவரை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் விளையாடுங்கள் என்றார்கள்.

அதற்குக் கொஞ்ச நாளில் பெரியப்பா அந்த இளகின மண்ணில் வாழைக்கன்று வைக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது முற்றத்தில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதில் எங்கள் செத்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றி, நூலால் கட்டி, நெஞ்சில் ஊசி, ஊசிக்குப் பக்கத்தில் சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இன்றைக்கு எனக்கே புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அடக்கம் செய்தவர்களை யார் தோண்டியது?

பெரியம்மா முற்றத்தில் போட்ட கட்டிலில் உட்கார்ந்து அந்த மீசைக்காரனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் முடி... இது என் முடில்லா. எவ்வயித்தக் கருக்கிட்டாளே, பாவி. குழம்பு குழம்பா கொண்டாந்து ஊட்டிக் கருக்கிட்டாளே."

அம்மா எங்கள் அடுப்படி வாசலில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அவளுக்கு முதலில் எதுவும் புரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

நான் பேசினேன். பேசாத பிள்ளை நான், அன்றைக்குப் பேசினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

"பெரியம்மா, அது எங்க பட்டாளம். நாங்கதான் செஞ்சோம்."

"யாருட்டி சொல்லிக்குடுத்தா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

"குங்குமம் எங்கன எடுத்த?"

"அம்மா சிமிழ்ல."

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். "கேட்டீகளா? பெத்த பிள்ளைய வச்சே செஞ்சிருக்கா."

நான் ஓடினேன். உயிரோடு இருக்கிற படையைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். சுளகில் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்து, பாலிஷ் டப்பாவையும் திறந்து வைத்து, ஒவ்வொருவராகப் பேர் சொன்னேன். இவன் முரசு அடிக்கிறவன், இவள் தண்ணீர் கொடுக்கிறவள், இது சோறு பொங்குகிறவள். சொல்லச் சொல்லப் பெரியம்மா கால்களைக் கட்டிலின்மேல் இழுத்துக்கொண்டார். "இன்னும் இருக்கே... யம்மா, இன்னும் இருக்கே" என்றார். நான் சொன்ன பேரெல்லாம் அவருக்கு மந்திரமாகக் கேட்டிருக்கிறது.

பெரியப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயும் இதுகூட வெளையாண்டியா?"

அண்ணன் அவனுடைய அம்மாவைப் பார்த்தான். அவர் கையிலிருந்த முடியைப் பார்த்தான்.

"நான் பிளாஸ்டிக் வச்சுத்தான் வெளையாண்டேன்" என்றான்.

செய்வினை எடுக்கிற கோடாங்கி ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ஆட்களைத் தண்ணீரில் கரைத்து, டப்பாவை நசுக்கி, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி எங்கேயோ கொண்டுபோனார். பெரியப்பா அப்பாவுக்குத் தந்தி அடித்தார். அப்பா வந்தார். பெட்டியைக் கொண்டுவரவில்லை.

நம் ஊர்களில் இப்படி ஒன்று வந்தால் முடிவுகட்ட வழி இருக்கிறதல்லவா? சாமி முன்னால் சூடம் ஏற்றி, 'நான் செய்யல' என்று சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. பெரியம்மா அதற்குச் சம்மதித்தார். பெரியப்பா நாள் குறித்தார். அப்பாவுக்குப் பெரிய நிம்மதி.

அம்மா மாட்டேன் என்றாள்.

"ஒரு சூடம். ஒரு நிமிஷம் சுடுமா? அணைச்சிட்டு வா. என் அண்ணன் வீடு எனக்கு வேணும்" என்றார் அப்பா.

"பிள்ளைதான் நெசத்தச் சொல்லிட்டாள்லா? அதுக்கு மேல நான் போய் அணைச்சா, அவ பேச்சு பொய்னு நானே சொன்ன மாதிரி ஆயிராதா?"

"அவ சின்னப் பிள்ளை. அவ பேச்ச யாரு கேப்பா?"

"நான் கேக்கேன்."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் அணைக்கேன்ப்பா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, மூடிவிட்டாள்.

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. போகாததே போதுமாக இருந்தது எல்லாருக்கும். தோப்பைப் பிரித்தார்கள். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. அந்தச் சுவருக்குள் நாங்கள் இருக்கவும் முடியவில்லை. ஐப்பசி மழையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, கோயில் தெருவுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் குடியேறினோம். நான் உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஊர் மாறினாலும் பேச்சு கூடவே வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் என்ன தூரமா? சொந்தத்தில் எந்த வளைகாப்புக்கும் அம்மாவுக்கு அழைப்பு வராது. கல்யாண வீட்டில் அம்மா பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்கள் இடம் மாறுவார்கள். என் சித்தி மகள் மாசமாக இருந்தபோது எதிரில் வந்த அம்மாவைப் பார்த்து முந்தானையால் வயிற்றை மூடினாள். அம்மா தெருவின் மறுபக்கம் போனாள். எனக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, 'நான் தூக்கலாமா?' என்பது. என் பிள்ளையை. என்னிடம் கேட்டாள்.

அப்பா ரிட்டயர் ஆகி வந்து எங்களோடுதான் இருந்தார், போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவர் அம்மாவை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

பெரியம்மாமேல் எனக்கு இன்று முழுக் கோபம் இல்லை. வயிற்றில் இருந்தது போய்விட்டது, காரணம் சொல்ல ஆள் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து தன் முடியே வெளியே வந்தால் யாருக்குத்தான் புத்தி நிற்கும்? கோபம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான். பிளாஸ்டிக் வச்சுத்தான் வெளையாண்டேன்.

அம்மா போன பங்குனியில் இறந்தாள். பெரியம்மா துக்கத்துக்குக் காரில் தெருவரை வந்தார். வாசலில் ஏறவில்லை.

இரண்டு மாதம் முன்பு அண்ணன் வீட்டு விசேஷம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, அந்தத் தோப்பு இருந்த இடத்திலேயே மாடி வைத்துப் புது வீடு கட்டியிருக்கிறார். 'ஒங்கம்மாதான் இல்லையே, இனி நீ வரலாம்லா' என்று போனில் சொன்னார். அவருக்கு அந்தச் சொல் உறுத்தவில்லை. நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.

கூடத்தில் சுவர் பூராவும் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்கு. விரல் நீளத்துக்கு ஆட்கள், நூற்றுக்கணக்கில். குதிரை, யானை, பீரங்கி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பூதக்கண்ணாடி வைத்து அவரே வர்ணம் தீட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்கள் வந்து மேஜையில் காடும் ஆறும் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது வஜ்ரபுரி. இது ஈரநாடு. ரெண்டும் உண்மையில இல்லாத நாடுக. சின்னப் பிள்ளையில நானா உண்டாக்கினது. ஈரநாட்டுக்கு இந்த வருஷம்தான் யானைப்படை சேர்த்தேன். இன்னும் படகுப்படை வரணும்."

ஈரநாட்டுக் கொடியில் நத்தை இருந்தது. என் நத்தை. கொம்புகூட வரைந்திருந்தார்.

பெரியம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். "அப்பவே எம்மவனுக்கு எம்புட்டு மூளை பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

கூட்டம் சாப்பிடப் போனபிறகு அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"என்னத்த?"

"ஒங்களுக்குத் தெரியும்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "அவியளுக்கு பிரஷர் இருக்கு. இந்த வயசுல போய் எதுக்கு? சித்தியும் போய்ச் சேந்துட்டாக. யாருக்கு என்ன ஆகப்போகுது, விடு."

கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. நத்தைக் கொடியின் கீழே நின்ற தளபதியை எடுத்தேன். பெண் தளபதி. அதையும் மறக்காமல் செய்திருந்தார். பெரியம்மாவின் முன்னால் போய்க் குனிந்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பெரியம்மா, இது யாருன்னு தெரியுதா? அன்னைக்கு ஒங்க அடுப்படிக்குப் பின்னால பெரியப்பா தோண்டி எடுத்தாகளே, அது இந்தப் பட்டாளம்தான். இதே நாடு. அண்ணனும் நானும் சேந்து வெளையாண்டது. அந்த முடி வச்சது அண்ணன். எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அண்ணன் இலை எடுக்கிறவர்களிடம் ஏதோ சொல்லப் போனார். பெரியம்மா என்னிடம் சொன்னார்:

"அது மண்ணுல்லா?"

பொம்மையை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, காபி கேட்டார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். டிக்கெட்டுக்குக் கையை விரிக்கும்போதுதான் தளபதி இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது.

மறுவாரம் அண்ணன் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"ஈரநாட்டுல ஒரு பீஸ் கொறையுது. அது திரும்பக் கெடைக்காத பீஸ். நீ கையில வச்சிருந்தியே?"

"என்கிட்டதான் இருக்கு."

"அப்படியா, நல்லதாப் போச்சு. கூரியர்ல போட்டுரு, பஞ்சு வச்சு."

"முடியாதுண்ணே. அடக்கம் பண்ணிட்டேன்."

"என்னது? எங்க?"

"அம்மா துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. பேண்டேஜ் துணி சுத்தி, நூல் கட்டி, குங்குமம் வச்சு, தலை மலையைப் பாத்து. எல்லாம் நம்ம சட்டப்படிதான் செஞ்சிருக்கேன்."

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா? தோண்டி எடு."

"நீங்க வந்து தோண்டுங்க" என்றேன். "வரும்போது பெரியம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவிய பக்கத்துல இருந்து பாக்கட்டும்."

அவர் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. மண் இளகாமல் அப்படியே இருக்கிறது.